நாலு கியர் வண்டிக்கு ஐந்தாவது கியர்



"பழைய கான்டெஸாவுக்கு அஞ்சு கியர் பாக்ஸ் போட முடியுமா?" ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்கள் நாலு பேர் கூடினால் எப்படியாவது வந்துவிடும் கேள்வி இது. ஒருவர் "முடியும்" என்பார். இன்னொருவர் "போட்டா வண்டி பறக்கும்டா" என்பார். மூன்றாமவர் "மைலேஜ் டபுள் ஆகும்" என்று ஒரே போடாகப் போடுவார். முதலாமவர் சொன்னது சரி. இரண்டாமவரும் மூன்றாமவரும் சொன்னது தவறு. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடும் கொஞ்சம் கிரீஸ் கையோடும் பார்ப்போம், வாருங்கள்.

நாம் இருக்கும் இடம் எது? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் போனால் ஒரகடம். அங்கே காரும் உண்டு, லாரியும் உண்டு, புல்லட்டும் உண்டு. நம்ம வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் புதுக் கார்கள் சரக்கு ரயிலில் ஏறுவதையும் பார்த்திருக்கிறோம். புது வண்டிக்கு நடுவிலேயே வாழ்கிறோம். ஆனால் ஒரு வண்டியை முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பழைய வண்டிதான் நல்ல வாத்தியார்!

கான்டெஸாவின் கதை

நம் நாட்டில் 'மஸில் கார்' என்று யாராவது ஒரு வண்டியைக் காட்டினால் அது பெரும்பாலும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவாகத்தான் இருக்கும். நீளமான பானெட், அகலமான முகம், பின்சக்கர இழுவை. பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் காரை அடிப்படையாகக் கொண்டு 1984-ல் வந்தது. பார்க்கத்தான் பயில்வான். உள்ளே இருந்ததோ அம்பாசிடரில் ஓடிய அதே 1489 சி.சி. பி.எம்.சி. என்ஜின், சுமார் 50 குதிரைத்திறன், நாலு கியர். பயில்வான் உடம்பில் பள்ளிக்கூடப் பையனின் இதயம்!

கம்பெனிக்கும் இது தெரிந்தே இருந்தது. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஐசுஸு வடிவமைத்த 1817 சி.சி. பெட்ரோல் என்ஜினும், அதோடு ஐந்து கியர் பாக்ஸும் வைத்து 'கான்டெஸா கிளாசிக்' வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதே என்ஜினும் ஐந்து கியரும் அம்பாசிடருக்குள்ளும் போயின. கான்டெஸா 2002-லும், அம்பாசிடர் 2014-லும் உற்பத்தி நின்றன. ஆக, பழைய வண்டிக்குப் புது கியர் பாக்ஸ் மாட்டும் வேலையைத் தயாரித்த கம்பெனியே செய்து காட்டிவிட்டது. பட்டறையில் அதைச் செய்ய நினைப்பவர்கள் இந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான், அளவுதான் பெரிது. 1960களின் மஸ்டாங், கமாரோ வண்டிகளில் என்ஜின் ராட்சசன். ஆனால் நாலு கியர். நாலாவது நேர் கியர். சீக்கிரம் சீறுவதற்காகப் பின் அச்சில் 4.10 போன்ற விகிதம் போட்டிருந்தால் நெடுஞ்சாலையில் என்ஜின் அலறிக்கொண்டே போகும். இன்று அவற்றுக்கென்றே மெக்சிகோவின் ட்ரெமெக் நிறுவனம் ஐந்து கியர் பாக்ஸ் செய்து விற்கிறது. அதில் ஒரு வகையில் ஐந்தாவது கியர் விகிதம் 0.68. 4.10-ஐ 0.68-ஆல் பெருக்குங்கள்: 2.79. பின் அச்சைத் தொடாமலே, நெடுஞ்சாலைக்கு மட்டும் 2.79 அச்சு போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஓவர்டிரைவின் மொத்த சூட்சுமமும் இவ்வளவுதான்.

ஓவர்டிரைவ் என்றால் என்ன?

முதல் கியரில் என்ஜின் மூணே முக்கால், நாலு சுற்று சுற்றினால்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைவு, முறுக்கு விசை அதிகம். நாலாவது கியரில் உள்ளே வரும் ஷாஃப்ட்டும் வெளியே போகும் மெயின் ஷாஃப்ட்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். ஒன்றுக்கு ஒன்று. லே ஷாஃப்ட் சும்மா கூடச் சுற்றிக்கொண்டிருக்கும். ஐந்தாவதில் நிலைமை தலைகீழ். என்ஜினை விட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். விகிதம் 0.8 என்றால் என்ஜின் 80 சுற்று, ஷாஃப்ட் 100 சுற்று.

ஒரு கணக்கு போடுவோம். எளிமைக்காகப் பின் அச்சு விகிதம் 4.5, டயர் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் 2 மீட்டர், ஐந்தாவது கியர் 0.8 என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 80 கி.மீ.

நிமிடத்துக்கு 1333 மீட்டர். இரண்டால் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 667 சுற்று. 4.5-ஆல் பெருக்கினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் 3000 சுற்று. நாலாவது கியரில் என்ஜினும் 3000. ஐந்தாவதில் 2400. நிமிடத்துக்கு 600 சுற்று மிச்சம். ஒரு மணி நேரத்துக்கு 36,000 சுற்று மிச்சம்! பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் பேரிங்குக்கும் அவ்வளவு தேய்மானம் குறைகிறது. காதுக்கும் நிம்மதி.

"மைலேஜ் டபுள் ஆகும்" - உண்மையா?

சுற்று 20 சதவீதம் குறைந்ததால் பெட்ரோலும் 20 சதவீதம் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். காற்றைக் கிழிக்கவும் டயரை உருட்டவும் வேண்டிய சக்தி அதே சக்திதான். கியர் பாக்ஸ் அதைக் குறைக்காது. குறைவது என்ஜினின் உள் உராய்வும், பாதி மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை இழுக்கும் வீண் வேலையும்தான். அந்த அளவுக்கு மிச்சம் உண்டு, டபுள் எல்லாம் கிடையாது. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு ஐந்தாவது கியர் விழவே விழாது. அங்கே லாபம் பூஜ்யம்.

"பறக்கும்" என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். சக்தி என்பது முறுக்கு விசையும் சுற்றும் சேர்ந்தது. அதே வேகம், அதே சக்தி. ஆனால் சுற்று 0.8 மடங்கு என்றால் என்ஜின் 1.25 மடங்கு முறுக்கு விசை தர வேண்டும். 25 சதவீதம் கூடுதல். ஐசுஸு என்ஜினுக்கு இது பெரிய விஷயமில்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள உடம்பை இழுக்கும் 50 குதிரைத்திறன் பி.எம்.சி. என்ஜினுக்கு? ஐந்து பேர் உட்கார்ந்து, பாலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் "போதும்டா சாமி" என்று நாலாவதுக்கே இறங்கச் சொல்லும். ஓவர்டிரைவ் என்ஜினுக்கு ஓய்வு தரும், பலம் தராது.

மூன்று வழிகள்

1. ஐசுஸு என்ஜின், கியர் பாக்ஸ், மவுண்டிங், கிராஸ் மெம்பர் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்துப் போடுவது. கம்பெனியே போட்ட சேர்க்கை என்பதால் பொருத்தம் சுலபம். ஆனால் என்ஜின் எண் மாறும். ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், ஸ்பேனர் பிறகு.

2. பழைய என்ஜினை வைத்துக்கொண்டு கியர் பாக்ஸை மட்டும் மாற்றுவது. நடுவில் அடாப்டர் பிளேட் செய்ய வேண்டும. லேத் வேலையும் அளவெடுப்பும் இங்கேதான் அதிகம். டிப்ளமோ புராஜெக்டுக்கு உண்மையில் ஏற்றது இதுதான்.

3. கியர் பாக்ஸைத் தொடாமல் பின் அச்சின் கிரவுன் - பினியனை மட்டும் மாற்றுவது. செலவு குறைவு, தரையை வெட்ட வேண்டாம். ஆனால் முதல் கியரிலிருந்து எல்லாக் கியரும் சேர்ந்தே கனமாகிவிடும். மேட்டில் வண்டியை நகர்த்தும்போது கிளட்ச் கதறும்.

எது என்று முடிவு செய்யும் முன் நம் வண்டியின் உண்மையான எண்ணிக்கை வேண்டும். புத்தகத்தில் உள்ளதை நம்பாதீர்கள். இத்தனை வருஷத்தில் அச்சு எத்தனை கை மாறியதோ! முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று போனது என்று எண்ணி 10-ஆல் வகுத்தால் பின் அச்சு விகிதம் கிடைத்துவிடும். ஏன் 20-ஆல் வகுக்கவில்லை? ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல், சுற்றும் சக்கரத்தின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. வகுப்பில் படித்த டிஃபரன்ஷியல் பாடம் இங்கே கைக்குக் கிடைக்கிறது, பாருங்கள்!

டயர் தூரத்துக்குச் சாக்பீஸ் போதும். டயரிலும் தரையிலும் கோடு போட்டு, டிரைவரை உட்கார வைத்து, 10 சுற்று தள்ளி, அளந்து, 10-ஆல் வகுத்துவிடுங்கள்.

பழைய பாக்ஸ் வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத பாகம் இல்லை என்பார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஆயில் பிளக்கைக் கழற்றிக் காந்தம் வைத்துப் பாருங்கள். மாவு மாதிரி தூள் சகஜம். பல் துண்டு வந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். எல்லாக் கியரிலும் போட்டுச் சுற்றுங்கள். பித்தளை சிங்க்ரோ வளையங்களின் பல் முனை மழுங்கியிருந்தால் மாற்ற வேண்டும். கட்டாயம் பில் வாங்குங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று பின்னால் தெரிந்தால், பில் இல்லாதவன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மாட்டும் இடத்தில் உள்ள ஐந்து கண்டங்கள்

*ஒன்று: மையம்.* அடாப்டர் பிளேட்டில் துளை போட்டு போல்ட் ஏறிவிட்டது என்றால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜை மாட்டி, பெல் ஹவுசிங்கின் நடுத் துளையைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றில் முள்ளின் மொத்த ஆட்டம் 5 தௌ, அதாவது சுமார் 0.13 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான பட்டறை வரம்பு. மீறினால் இன்புட் பேரிங் ஊளையிடும், கிளட்ச் முழுதாகப் பிரியாது, கியர் உரசும்.

*இரண்டு: நீளம்.* இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு கிராங்கின் பின்னால் உள்ள புஷ்ஷுக்குள் உட்கார வேண்டும். பிளேட்டின் தடிமனால் அது பின்னுக்கு வந்துவிட்டால் மூக்கு ஆதாரமில்லாமல் ஆடும். மாறாக நீளம் அதிகமாகி அடியில் முட்டினால் கிராங்கை முன்னால் தள்ளி, த்ரஸ்ட் வாஷரைத் தின்றுவிடும். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கவே கூடாது. கையால் தள்ளினால் பெல் ஹவுசிங் முழுதாக உட்கார வேண்டும். உட்காரவில்லையா, காரணத்தைத் தேடுங்கள்.

*மூன்று: கிளட்ச்.* பிரஷர் பிளேட் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடுப் பல் புது இன்புட் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டு வீட்டுச் சம்பந்தம் மாதிரி! ரிலீஸ் பேரிங் போய்வரும் தூரத்தையும் அளந்தே தீர வேண்டும்.

*நாலு: புரொப்பல்லர் ஷாஃப்ட்.* இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஓவர்டிரைவில் என்ஜின்தான் மெதுவாகச் சுற்றுகிறது; புரொப்பல்லர் ஷாஃப்ட் அல்ல. 80 கி.மீ.-ல் அது நாலாவதிலும் 3000, ஐந்தாவதிலும் 3000. "இப்ப என்ஜின் அமைதியா இருக்கே" என்று 100-ல் போனால் அது 3750. என்ஜின் சத்தம் குறைந்ததால் ஷாஃப்ட்டின் வேகம் நம் காதுக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான்!

புது பாக்ஸின் நீளம் வேறு என்பதால் ஷாஃப்ட்டை வெட்டிச் சேர்க்க வேண்டி வரும். கண் பார்வையில் வெல்டிங் வைத்து, ஒரு பக்கம் 10 கிராம் அதிகமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து 4 செ.மீ. தூரத்தில் உள்ள அந்த 10 கிராம், 3000 சுற்றில் சுமார் 4 கிலோ எடையின் விசையோடு, விநாடிக்கு 50 தடவை எல்லாத் திசையிலும் இழுக்கும். 3750 சுற்றில் அது 6 கிலோவைத் தாண்டும். பத்தே கிராம்! அதனால் வெட்டிச் சேர்த்த ஷாஃப்ட் பேலன்சிங் மெஷினில் ஏறாமல் வண்டியில் ஏறக் கூடாது.

இரண்டு முனையிலும் உள்ள நுகங்கள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். யூ ஜாயிண்ட் சாய்வாகச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயிண்ட் செய்யும் இந்தக் குறும்பைப் பின் ஜாயிண்ட் சரிக்கட்ட வேண்டும். அதற்கு கியர் பாக்ஸின் கோடும் பினியனின் கோடும் இணையாக இருந்து, இரண்டு ஜாயிண்டின் சாய்வும் சமமாக, 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. வண்டி சக்கரத்தில் நிற்கும்போது முன் ஸ்லிப் யோக்கில் சுமார் 25 மி.மீ. உள்ளே போக இடம் விடுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது ஷாஃப்ட் கியர் பாக்ஸையே இடிக்கும். முன்பக்கத்தில் ஒரு இரும்பு வளையப் பட்டியும் போட்டுவிடுங்கள். ஓடும்போது முன் ஜாயிண்ட் உடைந்து ஷாஃப்ட் ரோட்டில் குத்தினால் வண்டியே எகிறும். அந்தப் பட்டி அதைத் தரையில் விழாமல் தாங்கும்.

*ஐந்து: பிரேக்.* கியர் பாக்ஸ் மாற்றுபவர்கள் மறக்கும் விஷயம் இது. 80-ல் போன வண்டி இப்போது சத்தமில்லாமல் 100-ல் போகும். நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.56 மடங்கு. பிரேக்கோ பழைய பிரேக்! லைனிங், வீல் சிலிண்டர், ஹோஸ் மூன்றையும் பார்க்காமல் ஐந்தாவது கியரைப் போடுவது நியாயமில்லை.

இவை தவிர சில்லறை வேலைகளும் உண்டு. கியர் லீவர் வரும் இடத்தில் தரையில் துளை, பின்பக்க கிராஸ் மெம்பர், ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள். ஹேண்ட் கியர் அம்பாசிடராக இருந்தால் ஸ்டியரிங் பக்கத்துக் கம்பிகளுக்கு விடைகொடுக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் சரியா என்று பார்க்கக் கிலோமீட்டர் கல் போதும்: முள் 60 காட்டும்போது ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக 60 விநாடி. ஆயில் விஷயத்தில் அந்த கியர் பாக்ஸுக்குச் சொன்ன வகையையே ஊற்றுங்கள். பின் அச்சுக்கு ஊற்றும் சில ஆயில்கள் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைத் தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. ஆர்.சி.யில் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் உண்டு. கியர் பாக்ஸ் எண் கிடையாது. "அப்ப கேட்க மாட்டாங்க" என்று எண்ண வேண்டாம். என்ஜினை மாற்றினாலும் சரி, சேஸிஸையும் தரையையும் வெட்டினாலும் சரி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். இன்னொன்று: 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய கார் 'விண்டேஜ்' பதிவு பெறலாம். ஆனால் அது மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. ஆகவே பழைய 1960களின் அம்பாசிடர் கையில் இருந்தால் வெட்டும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். கழற்றிய பழைய பாகங்களை எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்குத் திருப்பி மாட்டும்படி செய்வதே கெட்டிக்காரத்தனம்.

ஸ்பேனர் எடுக்கும் முன்

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. வண்டிக்கு அடியில் போகும் முன் நாலு ஸ்டாண்டும் தரையில் உறுதியாக நிற்கட்டும். செங்கல் ஸ்டாண்ட் ஆகாது. பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கியர் பாக்ஸை நெஞ்சில் தாங்கி இறக்கும் வீரம் வேண்டாம். அது தனியாளுக்கு உரிய எடை அல்ல. கியர் பாக்ஸ் ஜாக்கியும் கூட ஒரு ஆளும் வேண்டும். பாக்ஸ் பாதி இறங்கி நிற்கும்போது அதன் எடை கிளட்ச் பிளேட்டில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதனால் நமக்கு என்ன?

டிப்ளமோ முடித்து நம்மில் பலர் போகப்போவது இந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் லைனுக்குத்தான். அங்கே ஒருவருக்கு ஒரு ஸ்டேஷன். ஒரு ஸ்டேஷனுக்கு நாலு போல்ட். முறுக்கு விசையை மெஷினே பார்த்துக்கொள்ளும். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த வண்டி வரும். அது கேவலமான வேலை அல்ல. நம் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் அந்த நாலு போல்ட் ஏன் அங்கே இருக்கிறது, மையம் கால் மில்லி தவறினால் எங்கே சத்தம் வரும் என்று தெரிந்தவரும், தெரியாதவரும் ஒன்றல்ல. லைன் நின்றால் "என்னாச்சு?" என்று கேட்பவர்கள் பலர், "இதுதான் ஆச்சு" என்று சொல்பவரைத்தான் சூப்பர்வைசர் தேடுவார். காண்ட்ராக்ட் முடிந்து அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாலும், முழு வண்டியையும் புரிந்துகொண்ட கை எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு அவசரமும் உண்டு. பி.எம்.சி. என்ஜினையும் ஐசுஸு பாக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக் அண்ணன்கள் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. நம்மிடம் டயல் கேஜும் கணக்கும் இருக்கின்றன; அவர்களிடம் காதும் கையும் இருக்கின்றன. இரண்டும் சேர வேண்டும். புராஜெக்ட் எடுக்கும் இறுதியாண்டு நண்பர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போய், "அண்ணே, கத்துக் குடுங்க" என்று கேளுங்கள். அளவுகளை அன்றன்றே எழுதுங்கள். மாற்றும் முன் ஒரு தடவையும், மாற்றிய பின் ஒரு தடவையும் அதே சாலையில், அதே வேகத்தில், அதே ஆட்களோடு டேங்க் நிரப்பி ஓட்டி மைலேஜ் பாருங்கள். வந்த எண்ணிக்கை சின்னதாக இருந்தாலும் அதையே ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு ஜூனியர் தம்பி தங்கைகள் அந்த எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஐந்தாவது கியர் விழட்டும், வாழ்த்துகள்!